அலுமினியப் படகின் அரிப்பும் விரிசலும்



நம் வீட்டு அடுக்களையில் பெரும்பாலும் ஓர் அலுமினியச் சட்டி இருக்கும். புளிக்குழம்பை இரவு முழுவதும் அந்தச் சட்டியிலேயே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். காலையில் சட்டியின் உட்புறம் கறுத்துப் போயிருக்கும். இப்படியே பல நாள் நடந்தால், அடியில் குண்டூசித் தலை அளவுக்குச் சிறு சிறு குழிகள் விழும். பிறகு ஒரு நாள் அந்தக் குழிகளில் ஒன்று ஓட்டையாகிக் குழம்பு அடுப்பில் சொட்டும். “துருப்பிடிக்காத பாத்திரம் என்று சொல்லித்தானே விற்றார்கள்?” என்று நாம் கேட்போம்.

நியாயமான கேள்விதான். அதே கேள்வியைச் சட்டியை விட்டுவிட்டு ஓர் அலுமினியப் படகைப் பார்த்துக் கேட்டால், அது இன்னும் பெரிய கேள்வியாகிவிடும். சட்டி ஓட்டையானால் ஒரு வேளைக் குழம்பு போகும். படகு ஓட்டையானால் அதில் இருப்பவர்களின் உயிருக்கே ஆபத்து.

அலுமினியப் படகு எப்படித் தோன்றியது, அதைக் கடல் எப்படி அரித்தது, பற்றவைத்த இடங்கள் ஏன் பிளந்தன, அவற்றைப் பழுதுபார்க்க மனிதர்கள் எதையெல்லாம் கற்றார்கள், கற்றதை எத்தனை முறை மறந்தார்கள் என்பதை இன்றைய உரையில் காண்போம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அலுமினியம் புதிய பொருள் அன்று. ரப்பர்ப் பாலில் அமிலம் ஊற்றி உறைய வைத்த தட்டுகளில் பலவும் அலுமினியத் தட்டுகளே. வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோன தூக்குச்சட்டியும் பெரும்பாலும் அலுமினியம்தான். இரும்போடு ஒப்பிட்டால் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மழையில் கிடந்தாலும் சிவந்து உதிராது. இதற்குக் காரணம் என்ன?

அலுமினியத்தைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே பளபளப்பு தெரியும். அந்தப் புதிய பரப்பில் காற்றுப் பட்ட உடனேயே, காற்றிலுள்ள ஆக்சிஜன் அலுமினியத்தோடு சேர்ந்து மெல்லிய படலமாக மூடிவிடும். ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறாகப் பிரித்தால், அதில் ஒரு கூறு அளவுகூட அந்தப் படலத்தின் கனம் இருக்காது. ஆனாலும் அது தோல்போல ஒட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துரு உதிர்ந்து போகும்; அலுமினியத்தின் படலம் உதிராது. சுரண்டினாலும் மறுபடி வளரும்.

ஆனால் அந்தத் தோலுக்கும் பகைவர்கள் உண்டு. புளியில் உள்ள அமிலம் அதைக் கரைக்கும். உப்பு அதை அங்கங்கே துளைக்கும். சட்டியில் குழி விழுவது இதனால்தான். உப்புக்குக் குறைவே இல்லாத இடம் கடல். அந்தக் கடலில்தான் படகு மிதக்க வேண்டும்.

கடல்நீரில் உலோகத்துக்கு வரும் இன்னொரு நோயும் உண்டு. அது உப்பைவிடக் கொடியது. அந்த நோயை, அலுமினியப் படகு தோன்றுவதற்கு ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுகொண்டார்கள். ஆகவே நம் கதை அலுமினியத்தில் தொடங்கவில்லை, செம்பில் தொடங்குகிறது.

அக்காலத்துக் கப்பல்கள் மரத்தால் கட்டப்பட்டவை. கடலில் வாழும் ஒரு வகைப் புழு மரத்தைத் துளைத்து உள்ளேயே குடியிருக்கும். பாசியும் சிப்பியும் அடியில் ஒட்டிக்கொண்டு கப்பலின் வேகத்தைக் குறைக்கும். இவற்றைத் தடுப்பதற்காக, 1761-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்னும் 32 பீரங்கிப் போர்க்கப்பலின் அடிப்பாகம் முழுவதும் மெல்லிய செப்புத் தகடுகளை இரும்பு ஆணிகளால் அடித்துப் பொருத்தியது. கப்பல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்தது. 1763-இல் அதைக் கரையேற்றிப் பார்த்தபோது, செப்புத் தகடுகள் நன்றாகவே இருந்தன. ஆனால் பல இடங்களில் தகடு கழன்று போயிருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் உளுத்துப் போனதே காரணம்.

எல்லா ஆணிகளும் அப்படி ஆகவில்லை. சில ஆணிகள் மட்டும் ஓரளவு நல்ல நிலையில் இருந்தன. அவற்றை உற்றுப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். செப்புத் தகடுகளைப் பட்டறைக்கு அனுப்பியபோது பழுப்புத் தாளில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். சில இடங்களில் அந்தத் தாளைப் பிரித்தெடுக்காமலேயே ஆணி அடித்துவிட்டார்கள். தாள் நடுவில் இருந்த இடங்களில், இரும்பு செம்பைத் தொடவில்லை. தொடாத ஆணி பிழைத்தது. தொட்ட ஆணி அழிந்தது. கடல்நீரில் இரும்பையும் செம்பையும் நேரடியாகத் தொடவிடக் கூடாது என்று அந்த ஆண்டே கடற்படைத் தலைமைக்கு அறிக்கை போயிற்று.

நேயர்களே, அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இத்தாலியில் லூயிஜி கல்வானி தவளைக் காலையும் இரண்டு உலோகங்களையும் கொண்டு செய்த சோதனைகளை வெளியிட்டது 1791-இல். அலெசாந்திரோ வோல்டா முதல் மின்கலத்தைச் செய்தது 1800-இல். இவர்களுக்கெல்லாம் முன்பே, கப்பல் பட்டறையில் ஆணியையும் தகட்டையும் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் உண்மையைக் கண்டுவிட்டார்கள். ஏன் அப்படி நடந்தது என்ற விளக்கம்தான் அவர்களிடம் இல்லை.

அந்த விளக்கத்தை இன்று நாம் ஒரு டார்ச் விளக்கின் பேட்டரியைக் கொண்டே சொல்லிவிடலாம். இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போனவர்கள் எத்தனை பேட்டரிகளைத் தூக்கி எறிந்திருப்பார்கள்! பழைய வகைப் பேட்டரியின் வெளிக்கூடு துத்தநாகத்தால் ஆனது. விளக்கு எரிய எரிய அந்தத் துத்தநாகம் கரைந்துகொண்டே வரும். கடைசியில் கூடு ஓட்டையாகி, உள்ளே இருப்பது ஒழுகிவிடும். இரண்டு வேறு பொருள்கள், இடையே ஈரமான உப்புக் கலவை, இரண்டையும் இணைக்கும் ஒரு பாதை ஆகிய மூன்றும் சேர்ந்தால் மின்சாரம் பாயும். அந்த மின்சாரத்துக்கு விலையாக ஓர் உலோகம் தன்னையே கரைத்துக் கொடுக்கும்.

எது கரையும்? அதற்கு ஒரு வரிசை உண்டு. மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், இரும்பு, செம்பு என்று அந்த வரிசை போகும். இவற்றில் எந்த இரண்டைக் கடல்நீரில் இணைத்தாலும் வரிசையில் முன்னால் நிற்பது கரையும்; பின்னால் நிற்பது பிழைக்கும். இரும்பையும் செம்பையும் இணைத்தால் இரும்பு போகும். அலுமினியத்தையும் செம்பையும் இணைத்தால், வரிசையில் இடைவெளி இன்னும் அதிகம் என்பதால் அலுமினியம் அதைவிட வேகமாகப் போகும்.

1763-இல் அறிக்கை எழுதினார்கள் அல்லவா? பதினாறு ஆண்டுகள் கழித்து, 1779 முதல், பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்கள் அனைத்துக்கும் செப்புத் தகடு அடிக்கத் தொடங்கியது. ஆனால் கப்பலின் மரங்களைப் பிணைத்திருந்த போல்ட்டுகள் இரும்பாகவே இருந்தன. அவை கண்ணுக்குத் தெரியாமல் உள்ளுக்குள் அரிபட்டன. பிறகுதான், 1780-களில், செம்புக் கலவையில் செய்த போல்ட்டுகளுக்கு மாறினார்கள். பாடம் தாளில் இருந்தது. வேலை செய்யும் இடத்துக்கு அது வந்து சேரவில்லை.

1824-இல் ஹம்ஃப்ரி டேவி என்னும் அறிஞர் இந்த நோயையே மருந்தாக்கினார். செம்பைக் காக்க வேண்டுமானால், அதோடு ஒரு சிறு துண்டு துத்தநாகத்தையோ இரும்பையோ வேண்டுமென்றே இணைத்துவிடுங்கள். அது கரையும், செம்பு பிழைக்கும் என்றார். அப்படியே நடந்தது. ஆனால் செம்பு சிறிதளவு கரைவதால்தான் பாசியும் சிப்பியும் அதன் பக்கம் வராமல் இருந்தன. செம்பு கரைவது நின்றதும் அவை மீண்டும் ஒட்டிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. ஆகவே அந்த முயற்சி அப்போது கைவிடப்பட்டது. இருந்தாலும் டேவியின் கருத்து வாழ்ந்தது. நம் லயத்து வீடுகளின் கூரையில் இருந்த தகரமும் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடுதானே! கீறல் விழுந்த இடத்திலும் துத்தநாகம் முதலில் கரைந்து, இரும்பைப் பல ஆண்டுகள் காக்கிறது.

இனி அலுமினியத்துக்கு வருவோம். மண்ணில் அது மிகுதியாக இருந்தாலும், அதைப் பிரித்தெடுப்பது நெடுங்காலம் கடினமாக இருந்தது. 1825-இல் டென்மார்க்கின் ஏர்ஸ்டெட் சிறிதளவு எடுத்தார். 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் அலுமினியக் கட்டிகளை அரும்பொருளாகக் காட்சிக்கு வைத்தார்கள். 1884-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் ஒரு சிறு அலுமினியக் கூம்பைப் பொருத்தினார்கள். அப்போது அதன் விலை வெள்ளிக்கு நிகரானது. இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1886-இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹால், பிரான்சில் பால் எரூ என்ற இரண்டு இளைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, மின்சாரத்தைப் பாய்ச்சி அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். இருவரும் பிறந்தது 1863-இல். இருவரும் இறந்ததும் ஒரே ஆண்டில், 1914-இல்.

மலிவான உடனேயே படகு கட்டுவோர் அதைத் தேடி வந்தார்கள். 1891-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் எஷர் வீஸ் நிறுவனம் அலுமினியத்தால் ஒரு சிறு படகைக் கட்டியது. 1894-இல் இங்கிலாந்தின் யாரோ நிறுவனம் பிரெஞ்சுக் கடற்படைக்காகச் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள ஒரு டார்பிடோப் படகைக் கட்டிக் கொடுத்தது. எடை குறைந்ததால் அது 20 நாட் வேகத்தைத் தாண்டி ஓடியது. பார்த்தவர்கள் வியந்தார்கள். ஆனால் வெறும் அலுமினியம் மென்மையானது. அதை உறுதியாக்குவதற்காக 6 விழுக்காடு செம்பைக் கலந்திருந்தார்கள். வரிசையை நினைத்துப் பாருங்கள். பகைவனை வெளியே நிறுத்தாமல் உலோகத்தின் உள்ளேயே குடிவைத்துவிட்டார்கள்! கடல்நீர் பட்டதும் தகட்டுக்குள்ளேயே ஆயிரமாயிரம் சிறு மின்கலங்கள் வேலை செய்யத் தொடங்கின. படகு விரைவிலேயே அரிபட்டது.

மறு ஆண்டே இன்னொரு பெயர்பெற்ற சம்பவம் நடந்தது. ‘அமெரிக்காக் கோப்பை’ பாய்மரப் போட்டிக்காக, நத்தானியல் ஹெரஷாஃப் என்னும் புகழ்பெற்ற வடிவமைப்பாளர் 1895-இல் ‘டிஃபெண்டர்’ என்ற படகைக் கட்டினார். நீருக்குக் கீழே செம்புக் கலவையான வெண்கலத் தகடு; நீருக்கு மேலே அலுமினியத் தகடு; உள்ளே எஃகுச் சட்டங்கள். மூன்றையும் ரிவெட்டு ஆணிகளால் இணைத்தார்கள். எடை குறைந்த அந்தப் படகு, அவ்வாண்டு இங்கிலாந்திலிருந்து வந்த ‘வல்கிரி 3’-ஐ வென்று கோப்பையைக் காத்தது. ஆனால் கடல்நீரில் அது படகாக மட்டும் இருக்கவில்லை. பெரியதொரு பேட்டரியாகவும் இருந்தது. வெண்கலமும் எஃகும் பிழைக்க, அலுமினியம் கரைந்தது. 1899-இல் பெரிதாகப் பழுதுபார்த்து, புதிய படகோடு பயிற்சிக்கு ஓடவிட்டார்கள். 1901-இல் அதை உடைத்துப் போட்டார்கள். ஆறே ஆண்டு வாழ்வு.

ஹெரஷாஃப் அறியாதவர் அல்லர். ஒரு பருவத்துப் போட்டியில் வெல்வதற்காகவே அவர் அந்தப் படகைக் கட்டினார், அது வென்றது. ஆனால் நாள்தோறும் கடலுக்குப் போய்ப் பிழைக்க வேண்டியவனுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

ஆகவே செம்பு கலக்காத, கடலைத் தாங்கும் அலுமினியக் கலவையைத் தேடினார்கள். செம்புக்குப் பதிலாக மக்னீசியத்தைக் கலந்தபோது விடை கிடைத்தது. மக்னீசியம் வரிசையில் அலுமினியத்துக்கு முன்னால் நிற்பது. ஆகவே அது செம்பைப் போல அலுமினியத்தைத் தின்னாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்களுக்காக அலுமினியத் தொழில் பெரிதாக வளர்ந்தது. 1944-இல் அமெரிக்காவின் க்ரம்மன் விமான நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் ஹொஃப்மன் என்பவர் விடுமுறையில் காட்டு ஏரிகளுக்குப் போனார். மரமும் துணியும் கொண்டு செய்த கனமான படகைத் தோளில் சுமந்து அலுத்துப்போன அவருக்கு, விமானத் தகட்டிலேயே படகு செய்தால் என்ன என்று தோன்றியது. போர் முடிந்ததும் விமானத்துக்கான தேவை குறைந்தது. அந்த நிறுவனம் அலுமினியப் படகுகளைச் செய்து விற்றது. அவை ரிவெட்டு ஆணிகளால் இணைக்கப்பட்டவை. ஆணி தளர்ந்து நீர் கசிந்தால், ஒருவர் உள்ளேயிருந்து கனமான இரும்பை முட்டுக்கொடுக்க, மற்றவர் வெளியிலிருந்து சுத்தியால் அடித்து இறுக்கலாம். அப்படியும் நிற்காவிட்டால் வேறோர் அலுமினிய ஆணியை மாற்றலாம். செம்பு ஆணியையோ இரும்பு ஆணியையோ அங்கே அடித்தால், 1763-ஆம் ஆண்டுக் கதை மறுபடியும் தொடங்கிவிடும்.

ரிவெட்டுக்குப் பிறகு வந்தது பற்றவைப்பு. அதாவது வெல்டிங். இரும்பைப் பற்றவைப்பதுபோல அலுமினியத்தைப் பற்றவைக்க முடியாது. அலுமினியம் 660 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். ஆனால் அதன் மேலுள்ள படலம் உருக 2,000 பாகைக்கு மேல் வேண்டும். உள்ளே உலோகம் நீராக ஓடும்போது, மேலே தோல் உருகாமல் கிடக்கும். ஒட்ட வேண்டிய இரண்டும் ஒட்டா. படகைக் காக்கும் அதே தோல், பற்றவைக்கும்போது தடையாகிவிடுகிறது. மேலும், இரும்பு சூடேறினால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகி விழுந்துவிடும்.

1940-களில் இதற்கு வழி பிறந்தது. 1941-இல் அமெரிக்க விமானத் தொழிற்சாலை ஒன்றில் ரசல் மெரிடித் என்பவர், உருகும் இடத்தைக் காற்றுப் படாமல் ஹீலியம் வாயுவால் மூடிப் பற்றவைக்கும் முறையை உருவாக்கினார். 1948-இல் கம்பி தானாகவே ஊட்டப்படும் வேகமான முறையும் வந்தது. 1954-இல், 5083, 5086 என்ற எண்களால் இன்று அறியப்படும் மக்னீசியக் கலவைகள் முறையாகப் பதிவாயின. பற்றவைத்து அலுமினியப் படகு கட்டும் காலம் இவற்றால்தான் வளர்ந்தது. மீன்பிடிப் படகு, பயணிகள் படகு, காவல் படகு என்று உலகெங்கும் அவை பெருகின.

ஆனால் பற்றவைத்த இடம் புதியதொரு பலவீனத்தைக் கொண்டுவந்தது. கடினமாக்கப்பட்ட அலுமினியத் தகட்டைச் சூடாக்கினால், சூடு பட்ட பகுதி மென்மையாகிவிடும். சில வகைத் தகடுகளில் அந்தப் பகுதியின் வலிமை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே விரிசல் பெரும்பாலும் பற்றவைப்பின் நடுவில் வராது. அதன் ஓரத்தில் வரும். அலை அடிக்கும் ஒவ்வொரு முறையும் தகடு சிறிது வளைந்து நிமிரும். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் கடைசியில் அறுந்துவிடும் அல்லவா? அதே கதைதான். எஃகில் வளைவு ஓர் அளவுக்குள் இருந்தால், எத்தனை முறை வளைந்தாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான எல்லை கிடையாது. சிறு வளைவுகளும் கணக்கில் சேர்ந்துகொண்டே போகும்.

இங்கேதான் பழுதுபார்ப்பவர் ஏமாந்துபோகிறார். விரிசலைக் கண்டதும் அதன் மேலேயே இன்னொரு முறை பற்றவைத்து மூடிவிடுகிறார். மேலே பளபளப்பாக இருக்கும். ஆனால் சூடு பட்ட பகுதி இன்னும் அகலமாகிவிட்டது. விரிசலை உண்டாக்கிய ஆட்டமும் அப்படியே இருக்கிறது. சில மாதங்களில் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே புதிய விரிசல் தோன்றும்.

பெரிய கப்பல்களும் இதற்கு விலக்கல்ல. 1983 முதல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த ‘டைக்கோண்டரோகா’ வகைக் கப்பல்களின் மேற்கட்டு, ஏறத்தாழ 5 விழுக்காடு மக்னீசியம் கலந்த அலுமினியத்தால் ஆனது. மக்னீசியம் 3 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் கலவை, 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் நெடுநாள் இருந்தால், மக்னீசியம் நகர்ந்து உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே படிந்துவிடும். அந்த இடைவெளி வழியே அரிப்பு உள்ளே நுழையும். வெயிலில் காய்ந்த மேல்தளங்களில் விரிசல்கள் தோன்றின. அவற்றைப் பற்றவைத்தபோது, நோயுற்ற உலோகம் பக்கத்திலேயே மறுபடி பிளந்தது. ஆகவே தகட்டையே வெட்டி எடுத்துப் புதியது வைத்தார்கள். சில இடங்களில் சூடே இல்லாமல், பசையால் ஒட்டும் நார்ப் பட்டைகளைப் பயன்படுத்தினார்கள்.

இன்னொன்றையும் கேளுங்கள். 2010-இல் அதே கடற்படை ‘இண்டிபெண்டன்ஸ்’ என்ற 127 மீட்டர் நீள அலுமினியக் கப்பலைச் சேவையில் சேர்த்தது. மறு ஆண்டே, 2011-இல், அலுமினிய உடலில் எஃகு இயந்திரப் பாகங்கள் சேரும் இடத்தில் கடுமையான அரிப்பு இருப்பது தெரியவந்தது. டேவி 1824-இல் சொன்ன வழியில் பிறந்த பாதுகாப்பு அமைப்பு அந்தக் கப்பலில் முழுமையாகப் பொருத்தப்படவில்லை. பின்னர்தான் அதைச் சேர்க்க முடிவு செய்தார்கள். 2022-இல், அவ்வகைக் கப்பல்களில் ஆறு கப்பல்களின் உடலில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியும் வெளியாயிற்று. 1763-இல் பழுப்புத் தாள் சொன்ன பாடத்தை, 248 ஆண்டுகளுக்குப் பிறகு, உலகின் மிகப் பெரிய கடற்படை மீண்டும் விலை கொடுத்துக் கற்றது.

அப்படியானால் ஓர் அலுமினியப் படகை எப்படிப் பழுதுபார்ப்பது? இத்தனை ஆண்டு அனுபவமும் சேர்ந்து சொல்லும் முறை இதுதான்.

முதலில், கருவியைக் கையில் எடுக்காமல் காரணத்தைத் தேட வேண்டும். அரிப்பு இருந்தால், அதன் அருகே வெண்கலக் குழாய்மூட்டோ செப்புக் கம்பியோ இருக்கிறதா? படகின் அடியில் விழுந்த செப்புக் காசு ஒன்றே போதும், தகட்டில் குழி விழ. செம்பு கலந்த சாயத்தை அடியில் பூசியிருக்கிறார்களா? பேட்டரிக் கம்பியின் உறை கிழிந்து மின்சாரம் படகின் உடலுக்குக் கசிகிறதா? நனைந்த சாக்கோ விரிப்போ தகட்டின் மேல் நாள்கணக்கில் கிடக்கிறதா? ஈரம் தேங்கி, காற்றுப் படாத இடத்தில் அலுமினியத்தின் தோல் மறுபடி வளராது. விரிசல் இருந்தால், அந்த இடம் ஏன் ஆடுகிறது? மோட்டார் பெரிதா? உள்ளே தாங்கும் சட்டம் உடைந்திருக்கிறதா?

இரண்டாவது, நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆழமில்லாத குழிகளைச் சுத்தம் செய்து, தக்க பசையால் நிரப்பிச் சாயம் பூசலாம். ஆழமான குழிகள் நெருங்கியிருந்தால், அந்தத் தகட்டை வெட்டி எடுத்து, மூலைகளை வளைவாக்கிய புதிய தகட்டை வைக்க வேண்டும். கூரிய மூலை அடுத்த விரிசலுக்குத் தொடக்கமாகும். கண்ணுக்குத் தெரியாத விரிசலை நிறச்சாறு தடவிக் கண்டுபிடிக்கலாம். சாற்றைத் தடவித் துடைத்த பிறகு வெள்ளைப் பொடி தூவினால், விரிசலுக்குள் இருந்த சாறு கோடாக வெளியே வரும்.

மூன்றாவதுதான் பற்றவைப்பு. விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளை இட்டால் அது மேலும் ஓடாது. பிறகு விரிசலை முழுதாகக் குடைந்தெடுத்து, நல்ல உலோகம் தெரியும்படி செய்ய வேண்டும். சாயம், எண்ணெய், ஈரம் எதுவும் இருக்கக் கூடாது. ஈரமிருந்தால் பற்றவைப்பின் உள்ளே கொப்புளங்கள் தங்கிவிடும். இரும்புக்குப் பயன்படுத்திய தூரிகையை அங்கே கொண்டுவரக் கூடாது. அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்திருக்கும் துருவேறா எஃகுத் தூரிகையால் படலத்தைத் தேய்த்து நீக்கி, மறுபடி அது தடிக்கும் முன்பே பற்றவைக்க வேண்டும். வேலையைத் தொடங்குமுன் பேட்டரியைக் கழற்றி, எண்ணெய்த் தொட்டியை அகற்றி, காற்றோட்டம் உண்டா என்று பார்ப்பது உயிரைக் காக்கும் வழக்கம்.

கடைசியாக, காரணத்தை அகற்ற வேண்டும். எஃகுப் போல்ட்டுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே பிளாஸ்டிக் வாஷரும் உறையும் வைக்க வேண்டும். அந்த வாஷர் வேறொன்றுமில்லை, 1763-ஆம் ஆண்டுப் பழுப்புத் தாள்தான்! நீருக்கடியில் துத்தநாகக் கட்டி ஒன்றைப் பொருத்தி, அது கரைந்து சிறுத்ததும் மாற்ற வேண்டும். அதன்மேல் சாயம் பூசினால் அது வேலை செய்யாது.

வீட்டில் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது எளிது. மூன்று கண்ணாடிக் குவளைகளில் உப்புநீர் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குவளையில் ஓர் அலுமினியத் தாள்துண்டு மட்டும் போடுங்கள். இரண்டாவதில் அதே அளவு துண்டின் மேல் வெறும் செப்புக் கம்பியை இறுக்கிச் சுற்றிப் போடுங்கள். மூன்றாவதில் பிளாஸ்டிக் உறை நீக்காத செப்புக் கம்பியை, வெட்டிய முனை தாளைத் தொடாதபடி சுற்றிப் போடுங்கள். ஒரு வாரம் கழித்து மூன்று தாள்களையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எதில் துளைகள் மிகுதி என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

நம் பிள்ளைகளில் பலர் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பட்டறை வேலைக்கும் வெல்டிங் வேலைக்கும் போகிறார்கள். அது தாழ்ந்த வேலை என்று நாம் ஒருபோதும் நினைக்கக் கூடாது. முகம் தெரியாத ஒரு மீனவனின் உயிர் அவர்கள் போட்ட ஒரு கோட்டில் இருக்கிறது. அந்தக் கோடு அழகாக இருந்தால் போதாது. அது ஏன் பிளந்தது என்று தெரிந்து போட்ட கோடாக இருக்க வேண்டும். விரிசலை மூடி மறைத்துக் கூலி வாங்குவது எளிது. காரணத்தைச் சொல்லி, “இந்தத் தகட்டை மாற்றித்தான் ஆக வேண்டும்” என்று படகுக்காரரிடம் கூறுவதற்கு அறிவும் வேண்டும், நேர்மையும் வேண்டும்.

அன்று உளுத்த ஆணிகளுக்கு நடுவே பிழைத்திருந்த ஆணியையும் ஒருவர் எடுத்துப் பார்த்தார். “இது மட்டும் ஏன் பிழைத்தது?” என்று கேட்டார். பேரறிஞர்களின் விளக்கம் வருமுன்பே அந்தக் கேள்வி வந்துவிட்டது. கையால் உழைப்பவர் கேட்கும் அந்த ஒரு கேள்வியையும், அதற்குக் கிடைத்த விடையையும் அடுத்தவருக்குச் சொல்லிவைப்போமானால், ஒவ்வொரு தலைமுறையும் அதே பாடத்துக்கு மறுபடி மறுபடி விலை கொடுக்க வேண்டியதில்லை. இன்றிரவு புளிக்குழம்பை மண்சட்டிக்கு மாற்றும்போது, ஏன் மாற்றுகிறோம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.